அத்தையின் பல் செட்டும் டாக்டர் எழுதிய சீட்டும்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் மாடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். என் கல்யாணத்துக்குச் சித்தி கொடுத்த ஆறு டம்ளர் செட்டில் ஒன்று. அதில் முக்கால் வாசி தண்ணீர், தண்ணீருக்குள் என் மாமியாரின் கீழ்ப்பல் செட். மேல் செட் எப்போதும் அத்தையின் வாயில் இருக்கும். கீழ் செட் கோயிலுக்குப் போகும்போது, கல்யாணம் காட்சி என்றால், வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் வாய்க்குள் போகும். சாப்பாடு என்றால் கழற்றி டம்ளருக்குள் போட்டுவிடுவார். ஊரில் எல்லோரும் சாப்பிடுவதற்காகப் பல் கட்டிக் கொள்கிறார்கள்; எங்கள் வீட்டில் சாப்பிடுவதற்காகக் கழற்றுவது!

இதனால் வீட்டில் வாரத்துக்கு ஒரு சச்சரவு. "காசைக் கொட்டிச் செஞ்சதும்மா. போட்டுட்டே இருந்தாத்தானே பழகும்?" என்பார் இவர். "போட்டா கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குங்குதுப்பா" என்பார் அத்தை. "பிளாஸ்டிக்குல ஏதும்மா கரண்டு?" என்று இவர் சிரிப்பார். மறைப்பானேன், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஒருநாள் அத்தை அம்மிக்கல்லில் அந்தச் செட்டை வைத்து உரசிக் கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "சின்னக் குழந்தை மாதிரி பண்றீங்களே அத்தை" என்று சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் செட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். கேட்டால் "எனக்குப் பசியில்லம்மா, மெதுவாச் சாப்பிட்டுக்கறேன்" என்பார். ஆடி மாதம் அவருடைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் பிடித்தேன்.

பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இளம் வயது டாக்டரம்மா. வாய்க்குள் பார்த்து, ஈறைத் தடவி, தாடை முழுவதும் தெரிகிற மாதிரி ஓ.பி.ஜி. என்கிற எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். அன்று கூட்டம் அதிகம். சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்து, மறுநாள் வரச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இவரிடம் சீட்டைக் காட்டினேன். 'எடென்சுலஸ்', 'ரெசிடுவல் ரிட்ஜ்', 'சிவியர் ரிஸார்ப்ஷன்', 'நைஃப் எட்ஜ்'. எல்லாம் ஆங்கிலம். இவர் செல்போனில் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினார். "எலும்பு கரையுதுன்னு போட்டிருக்கு" என்றார். முகம் வெளுத்துவிட்டது. நைஃப் என்றால் கத்தி. ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறாரோ? புற்றுநோயாக இருக்குமோ? அன்று இரவு இரண்டு பேரும் தூங்கவில்லை. அத்தை மட்டும் நன்றாகத் தூங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது!

மறுநாள் பால் கார்டின் பின்புறத்தில் அந்த வார்த்தைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். "டாக்டர், கோபித்துக் கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லுங்கள்" என்றேன். அந்தப் பெண் கோபித்துக் கொள்ளவில்லை. அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். சகோதரிகளே, நீங்களும் டாக்டர் சீட்டில் புரியாத வார்த்தை இருந்தால் கூச்சப்படாமல் அவரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு ராத்திரித் தூக்கமாவது மிச்சமாகும்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, அப்படியே மெதுவாகப் பின்னே கொண்டு போங்கள். பல் முடிந்ததும் ஈறு மேடாகப் புடைத்திருக்கும். அதைத் தாண்டினால் அண்ணம் குழிந்து மேலே ஏறும். அந்த மேடுதான் விஷயம். 'மன்றம்', 'நன்று' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு அங்கேதான் போய் முட்டும். மேலேயும் கீழேயும் லாடம் போல வளைந்து, பற்களின் வேரையெல்லாம் தன் குழிகளில் பிடித்துக் கொண்டிருக்கும் இந்த எலும்பு மேட்டுக்கு 'அல்வியோலார்' எலும்பு என்று பெயர். அல்வியோலஸ் என்றால் லத்தீனில் சிறு குழி. நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகளுக்கும் இதே பெயர்தான்.

பல் எல்லாம் போய், குழிகள் தூர்ந்து, மேலே ஈறு மூடிக்கொண்டால் மிச்சம் நிற்கிற மேடு 'ரெசிடுவல் ரிட்ஜ்'. ரெசிடுவல் என்றால் மிச்சம். ரிட்ஜ் என்பதற்கு டாக்டர் 'மேடு' என்றார். அத்தை உடனே "வயல் வரப்பு மாதிரிங்களா?" என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அல்லவா! "அதேதான் பாட்டி" என்று டாக்டர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு வரப்பு என்றே பெயராகிவிட்டது. எலும்பு மட்டும் வரப்பு அல்ல, மேலே மூடியிருக்கும் ஈறும் சேர்ந்ததுதான். பல் கட்டும் டாக்டர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிக் குழம்பக் கூடாது என்று அமெரிக்காவில் 1956-ல் ஒரு சொற்கோவை வெளியிட்டிருக்கிறார்கள். 2023-ல் அதன் பத்தாவது பதிப்பு வந்தது. மிச்ச வரப்புக்கு இந்த விளக்கம் அதில்தான் இருக்கிறது.

எடென்சுலஸ் என்றால் பல் இல்லாத வாய். அவ்வளவுதான்! இதற்கா இவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குக் கோபமே வந்தது.

ரிஸார்ப்ஷன் என்பதுதான் எங்களைப் பயமுறுத்திய சொல். எலும்பை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக் கொள்வது என்று அர்த்தம். புற்றுநோயும் இல்லை, சீழும் இல்லை. பல் போன எல்லோருக்கும் நடப்பது. ஒருவருக்குக் கொஞ்சம், ஒருவருக்கு அதிகம். ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொன்னது என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் நூல் நூலாக நார்கள் இருக்கின்றன. அந்த நார்களில் ஊஞ்சல் கட்டியது போலப் பல் தொங்குகிறது. நாம் கடிக்கும்போதெல்லாம் அந்த நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுப்புத்தான் எலும்புக்கு வேலை. வேலை இருக்கும் வரை எலும்பு நிற்கும். ஜெர்மனியில் ஜூலியஸ் வோல்ஃப் என்ற டாக்டர் 1892-லேயே, எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக் கொள்கிறது என்று புத்தகம் எழுதிவிட்டாராம். கால் முறிந்து பல வாரம் மாவுக்கட்டில் இருந்தவருக்கு, கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கால் சூம்பியிருக்குமே, அந்த மாதிரி. பல் செட் போட்டுக்கொண்டால் வேலை கிடைக்காதா என்றேன். செட் ஈறின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறதே தவிர, எலும்பை இழுப்பதில்லையாம். பொருந்தாத செட் என்றால் அழுத்தமே கரைச்சலை அதிகப்படுத்திவிடுமாம்.

நைஃப் எட்ஜ் என்றால் கத்தி முனை. ஆபரேஷன் கத்தி அல்ல, வரப்பின் வடிவம்! அட்வுட் என்ற அமெரிக்க டாக்டர் 1963-ல் இந்த வரப்பு தேய்வதை ஆறு படிகளாகப் பிரித்தார். பல் இருக்கும் நிலை, பிடுங்கியவுடன் உள்ள நிலை, உயரமாக உருண்டு நிற்கும் வரப்பு, இரு பக்கமும் ஒடுங்கிக் கத்தி முனையாக நிற்கும் வரப்பு, தேய்ந்து தாழ்ந்த வரப்பு, கடைசியில் வரப்பே இல்லாமல் பள்ளமாகிவிடுவது. அத்தைக்கு நாலாவது படி. அத்தை இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வருஷா வருஷம் ரெண்டு பக்கத்து ஆளும் அண்டை வெட்டி அண்டை வெட்டி, வரப்பு கால் வைக்க முடியாம ஒடுங்கிப் போகுமே, அப்படின்னு சொல்லுங்க." டாக்டர் அதை எழுதியே வைத்துக்கொண்டார்!

மேல் செட் ஏன் நன்றாக நிற்கிறது, கீழ் செட் ஏன் ஆடுகிறது? மேலே அண்ணம் முழுவதும் செட் ஒட்டிக் கொள்ளும், அகலமான இடம். கீழே நடுவில் நாக்கு. உட்காருவதற்கு லாடம் போன்ற ஒரு கீற்று மட்டுமே. மேல்தாடையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி இடம். அது போதாதென்று கீழ் வரப்புத்தான் வேகமாகத் தேய்கிறது. டால்கிரென் என்ற பெண் ஆராய்ச்சியாளர், செட் கட்டியவர்களை 25 வருஷம் வரை தொடர்ந்து கவனித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். முன்பக்கத்தில், மேல் தாடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு கீழ்த் தாடை தேய்ந்திருந்ததாம். மேல் வரப்பு உள்பக்கமாக ஒடுங்கும், கீழ் வரப்பு தேயத்தேய வெளிப்பக்கம் விரியும். அதனால்தான் பல் போன பெரியவர்களுக்கு உதடு உள்ளே போய், முகவாய் முன்னே வருகிறது.

இனி அந்த 'கரண்ட்'. எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்து டாக்டர் காட்டினார். கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கடைவாய்க்கு முன்னால் இரு பக்கமும் ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக அது வெளியே வந்து, கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது. பல் இருந்த காலத்தில் அந்தத் துவாரம் வரப்பின் உச்சியிலிருந்து நன்றாகக் கீழே இருக்கும். வரப்பு தேய்ந்து தேய்ந்து அத்தைக்கு இப்போது அது மேல் விளிம்புக்கே வந்துவிட்டது. செட்டை மாட்டி ஒரு வாய் கடித்தால் போதும், செட் நேராக நரம்பின் மேல் உட்காரும். சுருக்கென்று ஷாக் அடித்தது போல வலிக்கும், உதடு மரத்துப் போகும். டாக்டர் சொல்லி முடித்ததும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. 14 வருஷமாக ஒரே செட்! அத்தையின் 60-வது வயதில் செய்தது. அளவெடுத்தபோது இருந்த வரப்பு ஒன்று, இப்போது இருப்பது வேறொன்று. தோய்த்த ரவிக்கை சுருங்கிவிட்டால் வேறு தைக்கிறோம். வாய் மாறிவிட்டதென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிடிவாதம் என்று பெயர் வைத்தோம்.

கால்சியம் மாத்திரை கொடுத்தால் வரப்பு வளருமா என்று கேட்டேன். வளராதாம். உடம்பு எலும்புக்குக் கால்சியம் வேண்டும்தான், ஆனால் தேய்ந்த வரப்பை அது திருப்பித் தராது.

செய்யக்கூடியது என்ன? வரப்பு ஓரளவுக்கு இருந்தால் பழைய செட்டின் உள்பக்கத்தை மட்டும் புதிதாக அளவெடுத்து நிரப்பித் தருவார்கள், 'ரீலைன்' என்று பெயர். அத்தைக்கு அது போதாது. இன்னொரு வழி, தாடை எலும்பில் டைட்டானியம் திருகுகளை இறக்கி அதில் செட்டைப் பொத்தான் போல மாட்டுவது. ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற பேராசிரியர் 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். 2002-ல் கனடாவின் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முன்பக்கம் இரண்டு திருகு வைத்து அதன்மேல் மாட்டும் செட்டையே முதலில் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மாவும் அதைத்தான் விரும்பினார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் அத்தையின் வயதில் தடையில்லை என்றார். அத்தையோ "74 வயசுக்கு மேல எனக்குத் திருகாணி மூக்குல இருக்கறதே போதும்" என்று சொல்லிவிட்டார். வற்புறுத்தவில்லை. நரம்பு வரும் இடத்தில் குடைந்து விட்டு, உள்ளே மெத்தென்ற பூச்சு வைத்த புதுச் செட் செய்தோம். ஐந்து தடவை போய்வர வேண்டியிருந்தது. புதிதில் இரண்டு இடத்தில் புண் வந்தது. அம்மியைத் தேடாமல் டாக்டரிடமே போனோம், அவர் தேய்த்துக் கொடுத்தார்.

இதெல்லாம் நடந்த அதே வாரம்தான் என் பெண் ஏழு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தை, ராத்திரியெல்லாம் வலி. அவளுடைய ஊர் டாக்டர், 'வேர் சிகிச்சை செய்து கவசம் போட்டால் பல்லைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் பிடுங்கிவிடலாம்' என்று இரண்டையும் சொல்லியிருக்கிறார். "மூணு நாலு தரம் யாரும்மா அலையறது? இவன வச்சுக்கிட்டு முடியுமா? செலவு வேற. ஒரு பல்லுதானே, பிடுங்கிட்டுப் போறேன்" என்றாள். அவள் சொன்னது எனக்குப் புதிதல்ல. 22 வருஷத்துக்கு முன்னால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நானே இதே வார்த்தையைச் சொல்லி இதே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொண்டேன். அந்த இடத்தில் இன்று விரலை வைத்தால் வரப்பு பள்ளமாக இறங்கி ஏறுகிறது. பின்னால் இருந்த பல் அந்த இடத்தில் சாய்ந்துவிட்டது. மேல் பல் கீழே இறங்கிவிட்டது. கீரைத் தண்டு ஒவ்வொரு தடவையும் அங்கேதான் மாட்டும்.

அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிடுங்கின பிறகு எலும்பு எப்போது தேய ஆரம்பிக்கும் என்று அவள் கேட்டாள். கிழவியான பிறகு என்ற பதிலை எதிர்பார்த்திருப்பாள். "உடனே" என்றார் டாக்டர். கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களை அளந்து பார்த்து 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு வருஷத்துக்குள் வரப்பின் அகலம் பாதியாகிவிட்டிருந்ததாம். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே. எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு கணக்குச் சொன்னார். கீழே இரண்டு கோரைப்பல் வேரையாவது பிடுங்காமல் விட்டு, அதன்மேல் செட் கட்டியவர்களுக்கு 5 வருஷத்தில் முன்பக்க எலும்பு சராசரி 0.6 மில்லிமீட்டர்தான் தேய்ந்ததாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கட்டியவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். 1978-ல் வந்த கணக்கு. வெறும் வேர் இரண்டு இருந்தாலே எலும்பு நிற்கிறது.

என் பெண்ணுக்கு இன்னொரு பயமும் இருந்தது: தாய்ப்பால் கொடுக்கிறோமே, மரத்துப் போகும் ஊசியும் எக்ஸ்ரேயும் குழந்தைக்கு ஆகுமா என்று. பல்லுக்குப் போடும் சாதாரண ஊசியாலும் எக்ஸ்ரேயாலும் பாலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பால் கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்றார். 'பிள்ளைக்கு ஒரு பல்' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுவும் நிஜமில்லையாம். வயிற்றுக் குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவதில்லை. மசக்கை வாந்தியின் புளிப்பும், அந்தச் சமயத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவதும், நேரமில்லாமல் பல் தேய்ப்பதைக் குறைப்பதும்தான் காரணம். வேர் சிகிச்சைக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் பேரனை நான் வைத்துக் கொண்டேன். கவசத்துக்கான செலவை அவள் அப்பா ஏற்றுக் கொண்டார், முணுமுணுத்துக் கொண்டுதான்.

எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வேர் வரை ஆடிப்போன பல்லையும் காப்பாற்ற முடியாமல் சீழ் வைத்த பல்லையும் வைத்துக்கொண்டிருந்தால் அதுவே எலும்பைத் தின்றுவிடும். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் 'காலி இடத்துக்கு அப்புறம் என்ன செய்யப் போகிறோம்?' என்று பிடுங்கும் முன்பே கேளுங்கள். எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியோ போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்துத் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்துவிடுவது உண்டு.

வீட்டில் செட் போடும் பெரியவர்கள் இருந்தால்: ராத்திரி கழற்றிவிட வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும். கழற்றிய செட் தண்ணீரில் கிடக்கட்டும், காய்ந்தால் வடிவம் கெடும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, கோணிவிடும். வாளியில் தண்ணீர் வைத்து அதன்மேல் பிடித்துக் கழுவினால், கை நழுவினாலும் உடையாது. ஈறையும் நாக்கையும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வலிக்கவில்லை என்றாலும் வருஷம் ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும். பிளேடு, உப்புக் காகிதம், அம்மி எதுவும் வேண்டாம்!

போன மாதம் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. அத்தை எங்களோடு பந்தியில் உட்கார்ந்தார். சித்ரான்னம் நாலும் சாப்பிட்டார், அவியலில் முருங்கைக்காயை மட்டும் ஒதுக்கினார், வடையைச் சாம்பாரில் ஊற வைத்துச் சாப்பிட்டார். முறுக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என் இலையில் வைத்துவிட்டார். அது இனிமேல் நடக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

புதுச் செட்டோடு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்திருக்கிறார்கள். டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, பழையபடி மற்ற ஐந்தோடு அடுக்கி வைத்திருக்கிறேன். காபி ஆற்றும்போது அது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்வதில்லை.